டெல்லிப் பதிவு எண்ணும் நீடாமங்கலம் பள்ளிக்கூடமும்

திருவாரூரிலிருந்து மயிலாடுதுறை போகும் ரயிலில் பூந்தோட்டத்தில் இறங்கினால், கூத்தனூர் சரஸ்வதி கோயில் பக்கம்தான். பேச்சு வராத புருஷோத்தமன் என்ற பிள்ளைக்கு அம்மன் தன் வாய்த் தாம்பூலத்தைக் கொடுத்தாள், அவன் வாய் திறந்து கவி பாடினான் என்பது அந்தத் தலத்தின் கதை. விஜயதசமியன்று ஏடு தொடங்கக் கூடும் கூட்டத்தில், நாலு வயதாகியும் ‘அம்மா’ என்று கூப்பிடாத குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கும் தாயும் இருப்பாள்.

காவிரிப் பாசனக் கிராமங்களில் இதற்கென்று ஒரு வரிசை உண்டு. முதலில் வசம்பைச் சுட்டுத் தேனில் இழைத்து நாக்கில் தடவுவார்கள். “இவன் அப்பனும் அஞ்சு வயசுக்குத்தான் வாயத் தொறந்தான், சும்மா இரு” என்று அப்பாயி அடக்கிவிடுவார். பிறகு கூத்தனூர், ஆலங்குடி கோயில்கள். அதற்கும் மசியவில்லை என்றால்தான் தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரி. கோளாறு நாக்கில் இல்லை, காதில் என்று அங்கே தெரியவரும்போது பிள்ளைக்கு நாலோ ஐந்தோ வயதாகியிருக்கும். மொழி வேர்பிடிக்க வேண்டிய முதல் மூன்று ஆண்டுகள் அந்த வரிசையிலேயே கழிந்திருக்கும்.

இந்த வரிசையில் பள்ளிக்கூடம் எப்போது வந்து சேர்ந்தது? அங்கே பேச்சும் கேட்பும் பழக்க யாருக்குத் தகுதி என்று அரசு எப்போது சட்டம் போட்டது? நூறு வருஷத்துக்கு மேல் நீளும் கதை அது. அந்தச் சட்டத்தால் காவிரிப் பாசன ஊரான நீடாமங்கலத்துக்கு என்ன கிடைத்தது என்பதுதான் அதன் சங்கடமான பகுதி.

பேச்சும் கேட்பும் பழக்கும் இந்தத் தொழில் தமிழ்நாட்டில் மிஷனரிகளின் கையில் தொடங்கியது. பம்பாயில் 1880களிலும் கல்கத்தாவில் 1893இலும் காது கேளாதோர் பள்ளிகள் வந்துவிட்டன. 1890களின் பிற்பகுதியில் ஃபிளாரன்ஸ் ஸ்வைன்சன் என்ற மிஷனரிப் பெண்மணி பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். அவர் பெயரிலேயே அது இன்று மேல்நிலைப் பள்ளியாக நடக்கிறது. பின்னர் சென்னையில் மயிலாப்பூரிலும், அதன்பின் லிட்டில் பிளவர் கான்வென்டிலும் பள்ளிகள் வந்தன.

1880இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, சைகையை விட்டுவிட்டு வாய்ப்பேச்சு வழியாகவே கற்பிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அந்தத் தீர்மானத்தின் நிழல் உலகமெங்கும் விழுந்தது. கண்ணாடி முன்னால் பிள்ளையை உட்கார வைப்பார்கள். ஆசிரியையின் தொண்டையில் கையை வைத்து அதிர்வைத் தொட்டுப் பார்க்க வேண்டும், பிறகு அதே அதிர்வைத் தன் தொண்டையில் தேட வேண்டும். உதட்டுக்கு முன்னால் ஒரு மெல்லிய தாளைப் பிடித்து ‘ப’ சொல்ல வேண்டும். தாள் ஆடினால் பாடம் தேறியது. சைகை மொழியை ஒதுக்கியதால் காது கேளாத பிள்ளைகள் பட்ட பாடு தனிக் கதை. மிலானில் போட்ட அந்தத் தீர்மானம் பெரிய தவறு என்பதில் இன்று இத்துறையில் அதிகம் சர்ச்சை இல்லை.

இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தவர்களுக்கு என்ன தகுதி? மூத்த ஆசிரியையின் அருகில் இருந்து பழகியதுதான். தஞ்சாவூர் ஜில்லாவில் குருவின் வீட்டோடு கிடந்து தவில் கற்பது போல, கைபார்த்துக் கற்ற வித்தை. கல்கத்தா பள்ளியின் யாமினிநாத் பானர்ஜி போல ஓரிருவர் 1890களில் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போய்ப் படித்துவிட்டு வந்தார்கள். மற்றவர்களுக்கு அந்தப் பள்ளியேதான் கல்லூரி.

1991 வரை நாகப்பட்டினமும் திருவாரூரும் சேர்ந்த ஒரே தஞ்சாவூர் மாவட்டம்தான் இருந்தது. அந்த நாளில் நீடாமங்கலத்துக் காது கேளாத பிள்ளைக்கு உள்ளூர்ப் பள்ளியில் பெயர் மட்டும் இருக்கும், பாடம் இருக்காது. படிக்க வேண்டுமானால் பெட்டியைக் கட்டிக்கொண்டு விடுதியுள்ள சிறப்புப் பள்ளிக்குப் போக வேண்டும். தஞ்சாவூரில் அரசு செவித்திறன் குறையுடையோர் பள்ளி இருக்கிறது. சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனால் ஆறு வயதுப் பிள்ளையைக் கண்காணாமல் விடுதியில் விட்டுவரும் வீடுகள் குறைவு, பெண்பிள்ளை என்றால் இன்னும் குறைவு. மாடு மேய்த்து, வயல் வேலை பழகி, ஊரில் பட்டப்பெயரோடு வளர்ந்தவர்கள்தான் அதிகம்.

பட்டம் என்ற ஒன்று இந்தத் தொழிலுக்கு வந்தது 1960களில். மத்திய சுகாதார அமைச்சகம் 1965இல் மைசூரில் அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்பியல் நிறுவனத்தைத் தொடங்கியது. அமெரிக்காவின் விச்சிட்டா நகரில் பேச்சுச் சிகிச்சை நிறுவனம் நடத்திவந்த மார்ட்டின் பாமர் அதற்கு ஆலோசனை சொன்னவர்களில் ஒருவர். 1966இல் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினார். அவர் ஒரு காலத்தில் மைசூரில் பேராசிரியராக இருந்தவர். அதே பத்தாண்டில் பம்பாய் நாயர் மருத்துவமனையிலும் இந்தப் படிப்பு வந்தது. உடற்கூறு, ஒலியியல், மொழியியல், உளவியல் என நான்கு துறைகளையும் ஒருசேரப் படித்து வந்தவர்கள் கேட்பியல் நிபுணர்களும் பேச்சுச் சிகிச்சையாளர்களும் ஆனார்கள்.

தஞ்சாவூர் வழியாக மயிலாடுதுறைக்கும் மைசூருக்கும் இடையே இன்று ரயில் ஓடுகிறது. ஒரு ராத்திரிப் பயணம்தான். ஆனால் இப்படி ஒரு படிப்பு இருக்கிறது என்பதே 1970களின் டெல்டாவில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? படித்து வந்தவர்களும் பெரிய ஊர்களின் மருத்துவமனைகளுக்குப் போனார்கள். மருத்துவமனையில் அவர்களுக்கு ஒரு அறையும், கேட்கும் திறனை அளக்கும் ஆடியோமீட்டரும் இருந்தன. கிராமத்துப் பள்ளியில் அவர்களுக்கென்று ஒரு பணியிடமே இல்லை.

சென்னையில் மட்டும் வேறொரு காற்று வீசியது. 1969இல் தொடங்கிய பாலவித்யாலயா, கைக்குழந்தைப் பருவத்திலேயே பிள்ளையைச் சேர்த்துக்கொண்டு, ஐந்து வயதையொட்டிப் பொதுப் பள்ளிக்கு அனுப்பிவிட வேண்டும் என்ற கணக்கில் நடந்தது. தாயும் கூடவே வகுப்பில் உட்கார வேண்டும் என்பது அங்கே வழக்கம். மறு ஆண்டு கிளார்க் பள்ளி வந்தது. சீக்கிரம் கண்டுபிடித்துச் சரியாகப் பயிற்சி கொடுத்தால் காது கேளாத பிள்ளையும் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒரே பெஞ்சில் உட்காரலாம் என்பதற்கு இந்தப் பள்ளிகள் கண்கூடான சாட்சி.

அமெரிக்காவில் இதே தொழில் எப்படி வளர்ந்தது என்று பார்த்தால் நம்முடைய சிக்கல் தெளிவாகும். 1910இல் சிகாகோ நகரப் பள்ளிகள் திக்குவாய்ப் பிள்ளைகளுக்கென்று பேச்சுத் திருத்த ஆசிரியர்களை வேலைக்கு வைத்தன. 1925இல் அந்தத் தொழில்காரர்கள் சங்கம் கட்டினார்கள். பிறகு சங்கமே சான்றிதழ் கொடுத்தது. 1969இல் ஃபுளோரிடா மாநிலம் முதன்முதலாக அரசு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. 1975இல், ஊனமுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் பொதுப் பள்ளியில் இலவசக் கல்வி என்ற கூட்டாட்சிச் சட்டம் வந்தபோது, பேச்சுச் சிகிச்சையும் அந்த உரிமையில் சேர்ந்துகொண்டது. அங்கே பள்ளியில் வேலை முதலில் வந்தது, உரிமம் பிறகு. இந்தியாவில் உரிமம் வந்துவிட்டது, பள்ளியில் வேலைக்கு இன்னும் காத்திருக்கிறோம்.

மத்திய அரசு 1974இல், ஊனமுள்ள பிள்ளைகளைச் சாதாரணப் பள்ளிகளிலேயே சேர்த்துப் படிக்க வைக்கும் ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தது. திட்டம் நல்லது. சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமே? ஆறு மாதம், ஒரு வருஷம், சில வாரம் என்று நாடெங்கும் தலைக்கொரு பயிற்சிப் படிப்பு முளைத்தது. பாடத்திட்டம் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. இதை ஒழுங்குபடுத்த 1986இல் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் ஒரு சங்கமாகப் பதிவானது. சங்கத்துக்குச் சட்ட அதிகாரம் போதவில்லை. 1992இல் நாடாளுமன்றம் அதற்கென்று ஒரு சட்டம் இயற்றியது. 1993 ஜூன் 22 முதல் கவுன்சில் சட்டபூர்வ அமைப்பானது.

மறுவாழ்வுத் தொழில்புரிவோர் யார் யார் என்று அந்தச் சட்டம் ஒரு பட்டியல் தருகிறது. முதல் வரியிலேயே கேட்பியல் நிபுணர்களும் பேச்சுச் சிகிச்சையாளர்களும். கொஞ்சம் தள்ளி, ஹியரிங் எய்டு பழுதுபார்ப்பவர்களும் காதுக்கு அச்சு எடுப்பவர்களும்கூட வருகிறார்கள். சிறப்பு ஆசிரியர்களும் உண்டு. இவர்கள் எல்லோரும் அங்கீகரித்த படிப்பை முடித்து, மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயரைப் பதிந்து, ஓர் எண் வாங்க வேண்டும். எண் இல்லாமல் தொழில் செய்தால் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மருத்துவருக்கும் வக்கீலுக்கும் இருந்ததைப் போன்ற கதவு இந்தத் தொழிலுக்கும் வந்தது.

ஆயிரம் ரூபாய் அபராதம் என்பது 1992இலேயே பெரிதாகப் பயமுறுத்துகிற தொகை இல்லை. அதுவும் கவுன்சிலின் அதிகாரம் பெற்றவர் எழுத்தில் புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் வழக்கை எடுக்கும். டெல்லியில் இருக்கும் கவுன்சில், ஏதோ ஒரு தாலுகா ஊரில் மாடியறையில் ‘ஸ்பீச் தெரபி’ போர்டு மாட்டியவரைத் தேடி வரப்போவதில்லை. சட்டத்துக்குப் பல் இருந்தது வேலை விளம்பரங்களில்தான். அரசுத் திட்டங்களில் ஆள் எடுக்கும்போது கவுன்சில் பதிவு கேட்கப்பட்டது. எண் இல்லாதவருக்கு அந்த வாசல் அடைத்தது.

இருபது வருஷமாகப் பாளையங்கோட்டையிலும் மயிலாப்பூரிலும் கைபார்த்துக் கற்றுச் சொல்லிக்கொடுத்தவர்களின் கதி என்ன என்ற கேள்வி உடனே எழுந்தது. அவர்களை ஒரே நாளில் சட்டவிரோதிகள் ஆக்கிவிட முடியாது. 1990களின் இறுதியில் கவுன்சில் அவர்களுக்காக இணைப்புப் பயிற்சி நடத்தியது. குறுகிய காலப் பயிற்சி முடித்தவர்களுக்குப் பதிவு கிடைத்தது. தகுதியைத் தளர்த்திவிட்டார்கள் என்று குறை சொன்னவர்கள் உண்டு. ஆனால் அந்த ஆசிரியைகளின் கையில் இருந்த அனுபவத்தை வேறெந்தக் கல்லூரியும் அப்போது தரவில்லை. கவுன்சில் செய்ததே நியாயம்.

இன்று அந்த எண்ணுக்கு வழி இப்படி: பிளஸ் டூவில் அறிவியல் படித்தவர் கேட்பியல்–பேச்சுமொழி நோயியலில் நான்கு வருஷம் இளநிலைப் பட்டம் படிக்க வேண்டும்; அதில் கடைசி ஒரு வருஷம் முழுக்கப் பயிற்சிப் பணி. செவித்திறன் குறைந்த பிள்ளைகளுக்கான சிறப்பு பி.எட். இரண்டு வருஷம், பட்டயமும் இரண்டு வருஷம். பதிவு வாங்கியதோடு முடிந்துவிடாது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை, தொடர் பயிற்சிகளில் சேர்த்த மதிப்பெண்களைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும்.

கேட்பியல்–பேச்சு நிபுணருக்கும் சிறப்பு ஆசிரியருக்கும் வேலை எங்கே பிரிகிறது என்பது நீடாமங்கலம் போன்ற ஊரின் வட்டார வள மையத்தில்தான் துல்லியமாகத் தெரியும். சர்வ சிக்ஷா அபியான் காலத்திலிருந்து, 2018க்குப் பிறகு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி என்ற பெயரில், தமிழ்நாட்டின் ஒவ்வொரு ஒன்றியத்திலும் இந்த மையங்கள் மாற்றுத்திறன் பிள்ளைகளின் கல்வியையும் கவனிக்கின்றன. சிறப்புப் பயிற்றுநர்களும் இயன்முறை மருத்துவரும் இருப்பார்கள். பயிற்றுநர்கள் பள்ளி பள்ளியாகப் போவார்கள், வர முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கே போவார்கள்.

காது கேளாத பிள்ளைக்கு அவர்கள் செய்யும் ஒரு சோதனை, டேனியல் லிங் என்பவர் வகுத்த ஆறு ஒலிகள்: ஆ, ஈ, ஊ, ஷ், ஸ், ம். பயிற்றுநர் ஓர் அட்டையால் வாயை மறைத்துக்கொள்கிறார், பிள்ளை உதட்டைப் பார்த்து ஊகித்துவிடக் கூடாது. கையில் ஒரு பிடி புளியங்கொட்டை. ஒலி கேட்டால் ஒரு கொட்டையைக் கிண்ணத்தில் போட வேண்டும். ‘ம்’ என்றதும் கொட்டை விழுகிறது. ‘ஊ’, விழுகிறது. ‘ஸ்’ என்கிறார், பிள்ளை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது. தாழ்ந்த ஒலி கேட்கிறது, உச்ச ஒலி கேட்கவில்லை என்று பொருள். ஹியரிங் எய்டின் பேட்டரி இறங்கிவிட்டதா? பிள்ளை வளர்ந்து, காதுக்குள் வைக்கும் அச்சு தளர்ந்துவிட்டதா? அல்லது கேட்கும் திறனே இன்னும் குறைந்துவிட்டதா? பேட்டரியைப் பயிற்றுநர் மாற்றலாம். அச்சு தளர்ந்ததைக் கண்டுபிடிக்கலாம், புதிதாக எடுக்க அதற்குரியவர் வேண்டும். மூன்றாவது கேள்விக்கு ஒலிபுகாத அறையும் ஆடியோமீட்டரும் கேட்பியல் நிபுணரும் வேண்டும். உரிமச் சட்டம் வரைந்த எல்லைக்கோடு அந்தக் கிண்ணத்துக்கும் ஆடியோகிராமுக்கும் நடுவில் ஓடுகிறது.

கோட்டைத் தாண்ட ஒரு பயணம் போக வேண்டும். திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி 2010இல் வந்தது, பெரிய ஆறுதல். அதற்கு முன்பு பெரும்பாலும் தஞ்சாவூர்தான். எங்கே போனாலும் நீடாமங்கலத்தின் பேர்போன ரயில்வே கேட் குறுக்கே நிற்கும். நெல் மூட்டை ஏற்றிய சரக்கு ரயில் நகரும்வரை பஸ்ஸில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஒரு தடவை ஆடியோகிராம் எடுக்கப் போவது தாங்கிக்கொள்ளக்கூடிய செலவு. பேச்சுப் பயிற்சி அப்படியில்லை. வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், மாதக்கணக்கில். சம்பா நடவு நேரத்தில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு எத்தனை தாய்மார்கள் திருவாரூருக்குப் பஸ் ஏறுவார்கள்? பயிற்சி பாதியில் நின்றுபோவதற்குப் பெற்றோரின் அலட்சியத்தைக் காரணம் காட்டுபவர்கள் நடவு மாதத்தில் ஒரு தரம் வந்து பார்க்கலாம்.

இந்தச் சிக்கலைக் காக்ளியர் உள்வைப்பு இன்னும் கூர்மையாக்கியது. பல லட்சம் ரூபாய் பிடிக்கும் அந்த அறுவைச் சிகிச்சையை, ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்த்ததில் தமிழ்நாடு முன்னோடி மாநிலங்களில் ஒன்று. பிள்ளையின் காதுக்குப் பின்னால் சின்னதாக ஒரு கருவி, தலையில் காந்தத்தால் ஒட்டி நிற்கும் ஒரு வட்டு. ஆனால் கருவியை மாட்டிய மறுநாள் பிள்ளை பேசிவிடாது. உள்ளே நுழைவது பழக்கமில்லாத இரைச்சல்தான். அதை மொழியாக மாற்றக் குறைந்தது ஒரு வருஷம் தொடர்ச்சியான பயிற்சி வேண்டும். அந்த ஒரு வருஷமும் மருத்துவமனை சார்ந்தே ஓடிவிடும். அடுத்த பத்து வருஷம் பிள்ளை உட்காரப்போவது பள்ளிக்கூடத்தில். அங்கே ல, ள, ழ குழம்பும்போது திருத்தவும், மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவே டீச்சர் குரலைப் பிரித்துக் கேட்கப் பழக்கவும், தகுதி பெற்ற ஒரு பேச்சுச் சிகிச்சையாளர் வேண்டும்.

அப்படி ஒரு நிரந்தரப் பணியிடம் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் பள்ளிதோறும் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி, மாநிலத்தில் செவித்திறன் குறையுள்ளவர்கள் சுமார் 2.2 லட்சம் பேர், பேச்சுக் குறையுள்ளவர்கள் சுமார் 80,000 பேர். 2016இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பேச்சு–மொழிக் குறைபாட்டைத் தனி வகையாகவே அங்கீகரித்து, ஊனங்களின் பட்டியலை 7இலிருந்து 21 ஆக்கியது. உரிமையுள்ளவர்கள் பெருகினார்கள். பள்ளியில் சிகிச்சையாளரின் நாற்காலி வரவில்லை.

இந்த இடத்தில் நீதிமன்றம் நுழைந்தது. ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021 அக்டோபர் 28 அன்று உச்ச நீதிமன்றம், தொடக்க நிலையில் 10 மாற்றுத்திறன் மாணவர்களுக்கு ஒரு சிறப்பு ஆசிரியர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்று விகிதம் சொன்னது. அவர்கள் மறுவாழ்வுக் கவுன்சிலின் தகுதி பெற்றவர்களாக இருக்க வேண்டும். 2022இல் மத்திய அரசு அந்த விகிதத்தை அறிவிக்கையாக்கியது. மாநிலங்கள் பணியிடம் உருவாக்காமல் நாளைக் கடத்தின. 2025 மார்ச்சில் நீதிமன்றம் மறுபடியும் கண்டித்து, பணியிடங்களை அறிவிக்கச் சொன்னதோடு, வருஷக்கணக்காக ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் தகுதியான ஆசிரியர்களைக் குழு அமைத்துப் பரிசீலிக்கவும் உத்தரவிட்டது.

தமிழ்நாட்டின் சிறப்புப் பயிற்றுநர்கள் தொகுப்பூதியத்தில் ஆண்டுகளைக் கழித்தவர்கள், பணி நிரந்தரம் கேட்டுப் பலமுறை வீதிக்கு வந்தவர்கள். டெல்லியில் பதிவு, ஐந்து வருஷத்துக்கொரு புதுப்பிப்பு, தொடர் பயிற்சி என்று மருத்துவருக்கு நிகரான நிபந்தனைகளை அவர்கள்மேல் சட்டம் சுமத்துகிறது. சம்பளச் சீட்டில் அந்த நிகர் தெரிவதில்லை. நீதிமன்றம் சொன்ன கணக்கும் சிறப்பு ஆசிரியருக்கு மட்டும்தான். கேட்பியல் நிபுணருக்கும் பேச்சுச் சிகிச்சையாளருக்கும் இத்தனை பிள்ளைக்கு ஒருவர் என்ற கணக்கு எதுவும் அந்தத் தீர்ப்பில் இல்லை. 1992 சட்டத்தின் பட்டியலில் முதல் வரியில் நின்றவர்கள், பள்ளிக்கூடத்தின் ஊழியர் பட்டியலில் கடைசி வரியில்கூட இல்லை.

பள்ளிதோறும் ஒருவர் வேண்டும் என்று யாரும் பேராசைப்படவில்லை. ஒன்றியத்துக்கு ஒரு பேச்சுச் சிகிச்சையாளர், வட்டார வள மையத்தில் ஓர் ஆடியோமீட்டர் என்றால் நீடாமங்கலத்துப் பிள்ளைகளில் பலர் ரயில்வே கேட்டைத் தாண்டாமலே பயிற்சி பெறலாம். அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுக் கூட்டங்களில் கழிப்பறைக்கும் சுற்றுச்சுவருக்கும் தீர்மானம் போடும் பெற்றோர்கள், இதற்கும் ஒரு தீர்மானம் போட்டு அனுப்பலாம். அதுவரை தனியார் மையங்களுக்குப் பிள்ளையை அழைத்துப் போகிறவர்கள், காசு கட்டுவதற்கு முன்னால் பயிற்சி கொடுப்பவரின் மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு எண்ணையும், அது எந்தத் தேதிவரை செல்லும் என்பதையும் கேளுங்கள். எண் உள்ளவர் உடனே காட்டுவார்.